பிச்சைமணி எடுத்த மருந்து

இந்த ஆள் என் வயிற்றிலிருந்து வாயை எப்போது எடுப்பான்? மீசை குத்துகிறது. எச்சில் சூடாக வழிந்து தொப்புளில் தேங்குகிறது. இதைத் துடைத்தாலும் போகுமா?

ராமுத்தாய் கண்களை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாக அவளுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை, தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. தின்றது நெஞ்சில் நின்று, மறுநாள் புளிக்காமல் பருக்கை பருக்கையாகத் தலையணையில் கிடக்கும். மதுரையில் வெள்ளைக்கார டாக்டர், உணவுக்குழாயின் அடிவாய் இறுகித் திறக்க மறுக்கிறது என்றார். பாதரசம் நிரப்பிய ரப்பர் குழாயை விழுங்கவைத்தார். அன்று ஒரு டம்ளர் பால் தடங்கலின்றி இறங்கியது. மறுபடி இறுகும், பல தடவை வரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். கோம்பைக்குத் திரும்பிய பத்தாம் நாள் இறுகிவிட்டது. மாமியார் சுருளியம்மாள் கூடலூரிலிருந்து, வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சி மருந்தெடுக்கும் பிச்சைமணியை வரவழைத்துவிட்டாள்.

பிச்சைமணி நிமிர்ந்து வாழையிலையில் துப்பினான். கோழை சுற்றிய கறுப்பு உருண்டை.

"பாத்தீகளா ஆத்தா. ஆகாதவக சோத்துல வச்சுக் குடுத்த மருந்து. நெஞ்சுல ஒட்டிக் கிடந்துச்சு."

"வெள்ளக்காரன் ரப்பர விட்டு ஆட்டுனானே, அவனுக்கு ஆப்புட்டுச்சா இது?" என்றாள் சுருளியம்மாள். "இங்கன கஞ்சி காச்சிக் குடுக்குறவ ஒருத்திதான்."

அந்த ஒருத்தி, கொழுந்தன் மனைவி சந்தனம்மாள், அடுப்படி வாசலில் நின்றாள். ராமுத்தாய் கக்கி நனைத்த துணிகளைத் தினமும் அலசுகிறவளும் அவள்தான்.

ராமுத்தாய் இலையைப் பார்த்தாள். உருண்டையிலிருந்து சிவந்த பாக்கு நார் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பாக்குப் போட்டு எட்டு மாதமாகிறது. பிச்சைமணியின் பல்லிடுக்கில் அதே சிவப்பு. ஆனாலும் ஒரு கணம் நம்ப ஆசையாக இருந்தது. யாரோ வைத்தது என்றால் எடுத்துவிடலாமே. அந்த ஆசையை உணர்ந்தபோது, இலையில் கிடந்ததைவிடத் தன்மீதே அருவருப்பு வந்தது.

"இலையில கை வச்சு அவ பேரச் சொல்லு. சொன்னாத்தான் மருந்து முறியுமாம். பொழுது சாயுறதுக்குள்ள அவள அப்பன் வீட்டுக்கு வண்டி ஏத்திருவோம்," என்றாள் சுருளியம்மாள்.

ராமுத்தாய் இலையைத் தொடவில்லை. முந்தானையால் வயிற்றை அழுத்தித் துடைத்தாள். போதாமல் இன்னொரு தடவை துடைத்தாள்.

"எங்கிட்ட எல்லாந்தான் திரும்பி வருது அத்தை," என்றாள் மெதுவாக. "அந்தப் பேரு மட்டும் வராது."