ரெண்டு குடிசை லேபிள்

ஷபீனா அந்தக் கம்பெனியில் பத்து வருஷமாக, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கர். பல்லாவரத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கட்டடம். வெல்டிங் வேலை செய்பவர்கள் முழங்கைவரை மாட்டிக்கொள்ளும் கனத்த தோல் கையுறைகளைத் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இரண்டாயிரத்து எட்டு தீபாவளிவரை அறுபது மிஷின் ஓடியது. அங்கே பேங்குகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்ததில், அப்புறம் இங்கே மிஷின்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. யாரோ போட்ட ஆட்டத்துக்கு யார் வயிற்றில் அடி விழுகிறது பாருங்கள்! அடுத்த மார்ச்சில் மிச்சமிருந்தது இருபது மிஷினும் ஒரே ஒரு ஆர்டரும்தான். நாலாயிரம் ஜோடி. தைத்து முடித்துப் பெட்டியிலும் போட்டாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் சுந்தரராமன் ஒரு மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஷபீனா, பெட்டியெல்லாம் பிரிக்கணும்மா. உள்ள இருக்கற 'மேட் இன் இந்தியா' லேபிளை மட்டும் எடுத்துடணும். சனிக்கிழமைக்குள்ள."

"ஏன் சார்?"

அவர் சொன்னார். அந்த ஊரில் வேலை போய்விட்டது, வெளிநாட்டுச் சரக்கை வாங்காதே என்று ஒரே கூச்சலாம். பாலம் கட்டுகிற கான்டிராக்டர், கையுறைகூட உள்ளூரில் தைத்ததாக இருக்கணும் என்று பிடிவாதமாக நிற்கிறானாம். அதனால் நம்மிடம் வாங்குகிற கம்பெனிக்காரன், பெயரில்லாத கையுறையாக அனுப்பு, இங்கே என் பெயரை வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்கிறான்.

ஷபீனாவுக்குச் சுர்ரென்று வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். அவன் கதவு, அவன் சாத்திக்கொள்ளட்டும். சாத்திய கதவுக்குள் நம் சரக்கைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய், நான்தான் தைத்தேன் என்று மார்தட்டுவானா?

"பிரிச்சா ஓட்டை தெரியும் சார். இது துணி இல்ல, இழுத்துவிட்டா மூடிக்கறதுக்கு. தோல்ல ஊசி எறங்கினா எறங்கினதுதான்."

"உள்பக்கம் யாரும்மா பாக்கப் போறா?"

லேபிள் வைத்துத் தைப்பது எல்லம்மா. அவளுக்கு ஆங்கிலம் மட்டுமல்ல, எந்த எழுத்துமே வராது. சேர்ந்த புதிதில் அறுநூறு லேபிளைத் தலைகீழாகத் தைத்து, அத்தனையையும் தானே திரும்பத் தைத்தவள். அதற்கப்புறம் முதல் எழுத்தான 'எம்'மின் உருவத்தைப் பிடித்துவைத்துக்கொண்டாள். ரெண்டு குடிசை பக்கத்துப் பக்கத்தில். கூரை மேலே இருந்தால் லேபிள் நேர்.

சுந்தரராமன் கொடுத்த பிளேடை வாங்கி அவள் பத்து ஜோடி பிரித்தாள். ஒவ்வொன்றிலும் நீள்சதுரமாக ஊசி ஓட்டை வரிசை, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பதினோராவதை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால ஆவாது சார். நானே கட்டுன குடிசையை நானே பிச்சுக்கினு கீறேன்."

சத்தம் கேட்டு முதலாளி பக்கீர் முகமது அறையிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், ஆனால் நாலு மாதமாகத் தூக்கம் கெட்டுக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஷபீனா, பிடிவாதம் பண்ணாதம்மா. இது போச்சுன்னா இருபது மிஷினும் நிக்கும். உன் வேலையும் சேத்துத்தான்."

"தெரியும் பாய். போன வருஷம் சீனாக் கையுறை வரக் கூடாதுன்னு தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல கொடி பிடிச்சோமே, நீங்க முன்னாடி, நாங்க பின்னாடி. நம்ம தொழிலைக் காப்பாத்துன்னு கத்தினோம். இன்னிக்கு அதையே அவங்க கத்துறாங்க. அதுல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நாம சீனாக்காரன் தச்சதை நாங்க தச்சதுன்னு சொன்னோமா?"

பாய், பிரித்த உறை ஒன்றை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினார். ஓட்டை வரிசைமேல் விரலை ஓட்டினார். தோல் வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த விரலை ஏமாற்ற முடியாது.

"லேபிளோட வேணும்னா எடுத்துக்கட்டும்னு எழுதுங்க சார்," என்றார் சுந்தரராமனிடம்.

எழுதினார்கள். மறுநாளே ஆர்டர் கேன்சல். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அன்றைக்கு யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. ஷபீனாவுக்கு உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. இருபது வீட்டு அடுப்பை நம் வாய் அணைத்துவிட்டதோ?

ஒரு வாரம் கழித்து சுந்தரராமன் முகமெல்லாம் பல்லாக வந்தார். பாரிமுனையில் ஒரு புரோக்கர் நாலாயிரத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம். ஒரே ஒரு சின்ன விஷயம். லேபிளை எடுத்துவிட வேண்டும். ஃபாரின் சரக்கு என்று சொன்னால்தான் இங்கே விலை போகுமாம்.

ஷபீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோய், அமெரிக்காக்காரன்மேல் வந்ததைவிடப் பத்து மடங்கு கோபம் வந்தது. அங்கேயும் நம் பெயர் ஆகாது, இங்கேயும் ஆகாது என்றால் இந்தக் கைகள் யாருடையவை?

"பாய், பெட்டியை எங்ககிட்ட குடுங்க. நாங்க விக்கறோம்."

"நாலாயிரம் ஜோடியையா? நீங்களா?"

"தச்சவங்களுக்கு விக்கத் தெரியாதா?"

மறுநாள் காலையிலேயே தாம்பரம் மார்க்கெட் ஓரம் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தார்கள். முதல் நாள் ஒருத்தன் உள்ளே பார்த்துவிட்டு, "மேட் இன் இந்தியாவா, டூப்ளிகேட்டு," என்று வீசிவிட்டுப் போனான். ஷபீனா எழுந்து அவன் பின்னாலேயே போய்க் கத்தினாள். "இதான்டா ஒரிஜினலு!" ரோடே திரும்பிப் பார்த்தது. மூன்று நாளில் ஏழு ஜோடிதான் போனது.

ஏழாவது ஜோடியை வாங்கியவர் சவுரிமுத்து, மாடம்பாக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். ஃபாரின் என்று நம்பி வாங்கிய உறையைப் போட்டு உள்ளங்கை வெந்து, கட்டோடு வந்திருந்தார்.

"இது தாங்குமா?"

"பொசுங்கினா திரும்பக் கொண்டாண்ணா, நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்," என்றாள் எல்லம்மா. உள்பக்கத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இதோ பாரு, ரெண்டு குடிசை. இது நான் வச்சுத் தச்சது."

நாலாம் நாள் வியாபாரமே இல்லை. ஐந்தாம் நாள் சவுரிமுத்து வந்தார், கூடவே ஆறு பேர், கையெல்லாம் வெல்டிங் தழும்பு. எல்லம்மா பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"பொசுங்கிடுச்சாண்ணா?"

அவர் குனிந்து மேலாக இருந்த உறையை எடுத்தார். அது பிளேடு போட்ட பத்து ஜோடியில் ஒன்று, எப்படியோ கலந்து வந்துவிட்டது. உள்ளே திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்து அதை ஷபீனாவிடம் நீட்டினார்.

"இது வேணாம்மா. இதுல குடிசை இல்ல. குடிசை கீறதாப் பாத்து இருபது ஜோடி எடு. ரயில்வே யார்டுலயும் கேக்குறாங்க."