பெண் காணலுக்கு வந்த டி.வி.

நாடு ஒருமுறை தங்கத்தை அடகு வைத்துத் தப்பித்தது அல்லவா, அதற்குப் பிறகு தில்லியில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு ஒரு ஞானம் பிறந்தது. எல்லோருக்கும் ரேஷன் அரிசி எதற்கு? நிஜமான ஏழையைப் பொறுக்கியெடுத்து அவனுக்கு மட்டும் பாதி விலையில் கொடுப்போம், அதுதான் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தொண்ணூற்றேழில் அந்த நியாயம் கேரள எல்லையிலுள்ள பாறசாலைப் பக்கம் வந்து, வரக்கூடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆனந்தபாயின் முற்றத்தில் நின்றது.

ஆனந்தபாய் செங்கல் சூளையில் கல் சுமப்பவள். புருஷன் பொன்னப்பன் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தான். ரேஷன் அரிசி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு புகையாது. ஏழை முத்திரை அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அன்று மகள் ஸ்டெல்லாவைப் பெண் காண வந்திருந்தார்கள். அந்த ஊரில் பெண் காணல் என்றால் அக்கம்பக்கத்து நல்ல சாமானெல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு விஜயம்மா, தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்து போட்ட கலர் டி.வி.யையும் மிக்சியையும் முந்தின நாளே கொண்டுவந்து வைத்தாள். நாற்காலிகளும் அவளுடையவைதான். மாப்பிள்ளை வீட்டாரும் சந்தேகப்படுவார்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்காதவரை மானம் மானம்தான்.

மாப்பிள்ளையின் அப்பா அருமநாயகம் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, ரேஷன் கார்டுக்கு ஏழைகளைக் கணக்கெடுக்க வந்த சோமன் சார் உள்ளே எட்டிப் பார்த்தார். கூலிக்காரர்கள் வீட்டிலிருப்பது ஞாயிறு மட்டும்தான் என்று வந்தவர்.

"டி.வி. உண்டு, மிக்சியும் உண்டு. இதெல்லாம் நிங்களுடேதுதானே?"

அடப்பாவி மனுஷா, அதைக் கேட்க வேறு நேரமே கிடைக்கவில்லையா!

அருமநாயகம் டம்ளரை இறக்கிவிட்டு ஆனந்தபாயைப் பார்த்தார். டி.வி. உள்ள வீடு ஏழைக் கணக்கில் சேராது. இல்லை என்றால் மகள் கல்யாணம் போச்சு, ஆமாம் என்றால் அரிசி போச்சு.

"எங்களுக்கதான் சார்," என்றாள். "பின்னே ஆருக்கதாக்கும்?"

சோமன் சார் எழுதிக்கொண்டு விஜயம்மா வீட்டுக்குப் போனார். சர்க்கார் ஆளிடமே தைரியமாகச் சொல்கிறாளே, அப்போது நிஜமாகவே வசதியான இடம்தான் என்று அருமநாயகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. அங்கேயே தேதி குறித்தார்.

கல்யாணம் முடிந்தது. புதுக் கார்டும் வந்தது. அதில் ஆனந்தபாய் வசதிக்காரி! ரேஷன் கடையில் சொன்ன விலையைக் கேட்டு வெறும் பையோடு திரும்பினாள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் குருணை வாங்கினாள். பொன்னப்பனுக்குக் காலையில் கஞ்சி, ராத்திரி கஞ்சித்தண்ணி. அவன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பொறுக்கமாட்டாமல் நெய்யாற்றின்கரை ரேஷன் ஆபீசில் போய் அழுதாள். "விசாரிக்க ஆள் அனுப்பலாம். அன்னைக்கு அங்க இருந்தவங்களையும் கேப்போம்," என்றார் அங்கிருந்தவர். அருமநாயகத்தைக் கேட்பார்களா? டி.வி. உள்ள வீட்டுச் சம்பந்தம் என்று சர்ச் முழுக்கச் சொல்லித் திரிகிற மனுஷர் அவர். ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்று மாசம். ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆனந்தபாய் பஸ் ஏறினாள்.

மறுநாள் விஜயம்மா அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கு ஏழைக் கார்டு கிடைத்திருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. சாமானெல்லாம் இங்கே இருந்ததால் அவள் வீடு அன்று வெறிச்சென்று கிடந்தது, சார் பார்த்ததை எழுதினார். அவளும் பணக்காரியில்லை. நாலு பிள்ளைகள், அந்த டி.வி.யை விட்டால் அங்கேயும் அரைவயிறுதான்.

"எக்கா, எனக்குச் சோறு எறங்கல்ல. நான் ஆபீசுக்குப் போயி டி.வி. எனக்கதாக்கும்ணு பறஞ்சிட்டு வாறேன். ஒங்க அரிசி ஒங்களுக்குக் கெடைக்கட்டு."

போய்ச் சொல்லடி என்று கத்த வேண்டும் போலிருந்தது ஆனந்தபாய்க்கு. உள்ளே பொன்னப்பன் தண்ணீர் கேட்டு முனகினான்.

அவள் விஜயம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா. ஒனக்குப் புண்ணியமாப் போவும், ஆருட்டயும் மிண்டாதே. அருமநாயகத்துக்குத் தெரிஞ்சா எனக்க மோள வயித்தோட கொண்டாந்து விட்டிருவாரு. அந்த அரிசி ஒனக்கதாக்கும். நீ பொங்கித் தின்னு."