அக்கா தப்பாகச் சொறிந்த இடம்

1.

இந்தக் கதை என் முதுகில் தொடங்கியது. தலையில் தொடங்கியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அன்று காலை ஆய்வகத்துக்குக் கிளம்பிய அக்கா, செருப்பு மாட்டிய காலோடு திரும்பி வந்து, மர ஸ்கேலால் முதுகைச் சொறிந்துவிட்டாள். அதுதான் கடைசி.

(“நான்” என்று எழுதினால் அரிக்கிறது. இனி அவனைத் “தம்பி” என்றே சொல்கிறேன்.)

2.

தொடக்கம், மூன்றாவது முயற்சி: நரம்பு முனைகளில் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. உடலில் ஊறும் சிலவகைக் கொழுப்பு மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டால், நரம்பு செல் எளிதில் கிளர்ந்து...

அக்கா இதைப் படித்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பாள். அவள் அன்று சொன்னது இப்படி:

“டேய், நரம்புன்னா நம்ம மாடி வீட்டுக்காரர் மாதிரி. சாதாரணமா, கதவைத் தட்டினாத்தான் எட்டிப் பார்ப்பார். அந்தக் கொழுப்பு போய் ஏற்பியில உக்காந்துச்சுன்னு வை, பூனை நடந்தாலே ‘யாருய்யா அது’ன்னு கத்துவார்.”

“என் முதுகுலயும் அவர்தான் குடியிருக்காரா?”

“குடும்பத்தோட.”

“காலி பண்ண மருந்து கண்டுபிடிக்கா!”

“அதுக்குத்தான்டா தினமும் போறேன். திரும்பு. இங்கயா?”

“கீழ.”

“இங்கயா?”

“ஐயோ, மேல! வேணும்னே பண்றியா?”

வேண்டுமென்றேதான். இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். [நரம்பியல் படித்த அக்காக்கள் தம்பிகளை இப்படி வதைப்பது பற்றி யாராவது ஆராய வேண்டும்.]

3.

அக்கா சாலையைக் கடக்கும்போது அந்த லாரி

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் வீடு திரும்பவில்லை. அது போதும்.

4.

முடிவு அ: கதவு திறக்கிறது. “பஸ் லேட்டுடா” என்று அக்கா உள்ளே வருகிறாள். (தம்பி உடனே நம்பிவிட்டான். நீங்கள் நம்பாததால் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஆய்வகத்திலிருந்து அக்காவின் தோழி போன் செய்கிறாள். “அந்த ஏற்பியை அடைக்கிற மருந்து வேலை செய்யுதுப்பா! எலி சொறியவே இல்லை!” தம்பியும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பூசலாம். அரிப்பு போய்விடும். பிறகு எதற்கு அக்காவைக் கூப்பிடுவது? “எலிக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க” என்று போனை வைக்கிறான்.

ஸ்கேல்தான் இருக்கிறதே, தானே சொறிந்துகொள்ளலாமே என்பீர்கள். முயன்றான். முதல் தடவையே சரியான இடத்தில் பட்டுவிட்டது. அதில் என்ன இருக்கிறது?

ஆகவே முடிவு இ உங்களுடையது. இந்தாருங்கள் ஸ்கேல். தயவுசெய்து முதலில் தப்பான இடத்தில் சொறியுங்கள், அவன் கத்தட்டும். சரியான இடம் இன்னும் மாறவில்லை: இடது தோள்பட்டை எலும்புக்கு ஒரு விரற்கடை கீழே.