வடாலா வரைக்கும் ஒரு சீட்டு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அதுவும் இந்தியில் போட்ட சண்டை.

போன வியாழக்கிழமை மாலை, ரயில் புறப்படும் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலேயே ஏறி, பன்வேல் வண்டியின் பெண்கள் பெட்டியில், அதாவது லேடீஸ் டப்பாவில், சுகமாக உட்கார்ந்திருந்தேன். வடாலாவில் ஏறிய ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றாள். "கஹான் உதரேங்கே?" என்றாள். எங்கே இறங்குவாய் என்று கேட்டுப் பதில் வாங்கிவிட்டால், அந்த சீட்டு கேட்டவளுக்குப் பதிவாகிவிடும். எங்கள் ஊர் மாலை வண்டிகளில் இதுதான் சட்டம். "திலக் நகர்" என்றேன். உடனே அவள் பை என் மண்டையில் இடித்தது.

"பேக் ஸம்பாலோ!" பையை ஒழுங்காகப் பிடி என்றேன் நான்.

"இத்னா தக்லீஃப் ஹை தோ டாக்ஸி மே ஜாவ்!" அவ்வளவு கஷ்டமென்றால் டாக்ஸியில் போ என்றாள் அவள்.

குர்லா வரைக்கும் விட்டுக்கொடுக்காமல் ஏசிக்கொண்டோம். அந்தச் சண்டை எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தது திலக் நகர் என்பதால் குர்லாவில் நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிச் சம்மணம் போட்டாள். "யப்பா, மாதாவே" என்று மூச்சுவிட்டாள். பெஞ்சுமேல் சம்மணம் போட்டதற்காக எங்கள் தாராவி பள்ளிக்கூடத்தில் தினமும் திட்டு வாங்கியவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

"செல்வமேரி!"

அதற்குள் கூட்டம் என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி பானு! நீயாட்டி? இம்புட்டு நேரம் இந்தியிலயாட்டி என்னைய ஏசுன?"

திலக் நகரில் டப்பா என்னை வெளியே துப்பியது. ஜன்னலோடு ஓடினேன். போன் நம்பர் கேட்கும் புத்தி இரண்டு பேருக்குமே வரவில்லை. வண்டி வேகம் எடுக்கும்போது கம்பிக்குள்ளிருந்து கத்தினாள்: "எனக்கு எடம் போட்டு வையிட்டி!"

2

நியாயமாகக் கதை இங்கேதான் தொடங்க வேண்டும். தொடங்கிப் பார்த்தேன்.

"நட்பு என்பது" (வேண்டாம். பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது.)

"தாராவியின் குறுகலான சந்துகளில் ஒருநாள்" (சந்து என்றால் குறுகலாகத்தான் இருக்கும். அடுத்தது.)

"செல்வமேரி அமைதியான பெண்" (அவள் படித்தால் என்னை வண்டியிலிருந்து தள்ளிவிடுவாள்.)

அவளைப் பற்றிச் சொல்ல இது ஒன்று போதும். எட்டாம் வகுப்பு ஆண்டுவிழா நாடகத்தில் அவள் போரில் செத்த ராஜா. ராணியான நான் மேலே விழுந்து அழ வேண்டும். என் ஜரிகை முந்தானை அவள் மூக்கில் பட்டு, பிணம் தும்மிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிணம் எழுந்து உட்கார்ந்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டு, "தப்பாயிட்டு, மறுபடியும் சாவுதேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. நான் அழவே இல்லை. அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததில் முதுகு குலுங்க, நல்ல அழுகை என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள்.*

* சோப்பு டப்பா. ஆளுக்குப் பாதி: மூடி அவளுக்கு, அடிப்பாகம் எனக்கு.

3

இப்போது எழுத்தாளருக்குத் தலைவலி. இப்படி இருந்த இரண்டு பேர் ஏன் பிரிந்தார்கள்? கதைக்குக் காரணம் வேண்டுமே.

ஒரு காதல் தகராறு எழுதினேன். பையனுக்குப் பிரம்மநாயகம் என்று பெயர் வைத்தேன். எங்கள் இருவருக்கும் தகுந்த பையனாக அவனை எழுத முடியாததால் அடித்துவிட்டேன். மதத்தைக் காரணமாக்கலாமா என்று பார்த்தேன். அவள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் பாதியும் எங்கள் வீட்டுப் பொங்கலில் முக்காலும் யார் தின்றது என்று யோசித்ததும் அதுவும் சரிந்தது.

காரணமே இல்லை என்பதுதான் உண்மை. அவள் கல்யாணமாகி உல்லாஸ்நகர் போனாள். பக்கத்து வீட்டு போன் நம்பர் மாறியது. நான் பேசட்டும் என்று அவளும், அவள் பேசட்டும் என்று நானும் இருந்தோம். அப்படியே இருபது வருஷம் ஓடிப்போச்சு. கோபம் இருந்திருந்தாலாவது சமாதானத்துக்குப் போயிருக்கலாம்.

4

வெள்ளிக்கிழமை முதல் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் போடுகிறேன். சி.எஸ்.எம்.டி.யில் தொடங்கி வடாலா வரை, மாலைக் கூட்டத்தில், காலி சீட்டு! கொலைக் குற்றத்துக்குக்கூட லேடீஸ் டப்பாவில் மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. மராத்தியில், இந்தியில், குஜராத்தியில் ஏச்சு வாங்கினேன். வெள்ளி அவள் வரவில்லை. திங்களும் வரவில்லை.

நேற்று எதிர் சீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த, டப்பாவுக்கே சித்தியான கீதா மாவ்ஷி பொறுக்கமுடியாமல் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கதை எழுதுகிறவள் என்பதையும் உளறிவிட்டேன்.

"வோ ஸச் மே ஹை, யா தூ லிக் ரஹீ ஹை?" என்றாள். நிஜமாகவே அப்படி ஒருத்தி இருக்கிறாளா, இல்லை நீ எழுதிக்கொண்டிருக்கிறாயா?

எனக்கே பகீரென்றது. வடாலா வந்தது. அவள் வரவில்லை. மாவ்ஷி ஒரு கைப்பிடி பட்டாணியை என் கையில் கொட்டினாள்.

சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவள் வேண்டும். கதைக்காக இல்லை. வாய் வலிக்க ஏச எனக்கு வேறு ஆள் இல்லை.

5

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

அ) அவள் வருகிறாள், கட்டிக்கொண்டு அழுகிறோம். (நாங்களா? அழுவதா?)

ஆ) அவள் வரவேயில்லை, ரயில் இருளுக்குள் (போதும், போதும்.)

இதை இன்றைய வண்டியில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். டப்பா முழுக்க விஷயம் பரவிவிட்டது. நேற்று ஏசியவளே இன்று "ஆலீ கா?" என்று கேட்கிறாள், வந்துவிட்டாளா என்று. சிவ்ரி தாண்டியாகிவிட்டது, அடுத்தது வடாலா. ஒருவேளை அவள் தினமும் பக்கத்து டப்பாவில் ஏறி அங்கே என்னைத் தேடிக்கொண்டிருந்தால்? நான் கதவுக்குப் போய் வெளியே தலையை நீட்டிக் கத்தியாக வேண்டும்.

ஆனால் எழுந்தால் இரண்டு சீட்டும் போய்விடும். என் சீட்டில் மாவ்ஷி பட்டாணிக் கூடையை வைத்துவிட்டாள். அவளுக்குப் போட்ட மற்றதில் நீங்கள் உட்காருங்கள். ஆமாம், உங்களைத்தான். ஆண்பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, மாவ்ஷியிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு தூரம் சும்மா கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்?

யார் ஏசினாலும் எழுந்துவிடாதீர்கள். காலி சீட்டா என்று கேட்டால், ஆள் வருது என்று சொல்லுங்கள்.