ஒத்திகையில் படுத்த டெய்லர்

அதிகாரி வருகிறார் என்றால் இந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சுண்ணாம்பு அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தாலும் அடிப்பார்கள், குடிநீர்க் குழாயைப் பார்க்க வந்தாலும் அடிப்பார்கள். வெள்ளம் வந்தால் இங்கே என்னென்ன இல்லை என்று பார்த்து அரசாங்க மானியத்துக்கு எழுத ஒருவர் வருகிறார் என்றபோதும் அதையேதான் செய்தார்கள். இல்லாததைக் காட்ட வேண்டிய நாளில் எல்லாம் இருப்பதாகக் காட்டிய புத்திசாலிகள்.

இந்தப் புத்திசாலிகளின் தெருச் சங்கத்துக்குத் தலைவர், அதே தெருவில் குடியிருக்கும் நர்ஸின் கூடப்பிறந்த அண்ணன். லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அந்த லாரிக்காரர் சரக்கின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். அண்ணன் ஒரு தடவை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

போன மழையில் கால்வாய் உடைந்து தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது நர்ஸ் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, எப்படியோ புருஷனை அதன்மேல் ஏற்றினாள். அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். சங்கத்து ஆட்கள் தண்ணீர் வடிந்த பிறகு வந்து நலம் விசாரித்தார்கள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த மழைக்குள் ஒரு ரப்பர் படகும், முதுகு அசையாமல் கட்டித் தூக்கக்கூடிய மடக்கு ஸ்ட்ரெச்சரும், அபாயச் சங்கும் இந்தத் தெருவுக்கு வந்தாக வேண்டும். மனுவை அவளே எழுதினாள். சங்கம் கேட்டால்தான் மானியம் கிடைக்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனிடம் போய்க் கையெழுத்து வாங்கினாள்.

மனு போட்டவர்கள் அதிகாரி முன்னால் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. வெள்ளம் வந்துவிட்டதாகப் பாவித்து எல்லோரையும் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே தடுக்கிறது, என்ன குறைகிறது என்று அவர் பார்ப்பார். தலைவருக்கோ இது பரீட்சை. முதல் மார்க் வாங்காவிட்டால் மானம் போய்விடும். அதனால் நர்ஸின் புருஷனுக்குப் பதிலாகத் தெருமுனை டெய்லர் படுக்கட்டும் என்று முடிவு செய்தார். டெய்லர் ஊதினால் பறந்துவிடுகிற ஆள்.

"என் புருஷனுக்குப் பதிலா டெய்லர் எதுக்குப் படுக்கணும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மாப்பிள்ளைய உங்க வாசல் வழியா திருப்பவே முடியாது. அதிகாரி முன்னாடி நாம முழிச்சிட்டு நிக்கணுமா?"

"முழிக்கணும். அதுக்குத்தானே அவர் வர்றார்."

பெண்பிள்ளைகளுக்கு நிர்வாகம் புரியாது என்று சொல்லி அவர் பேச்சை முடித்துக்கொண்டார். சரி, உன் இஷ்டம், மாப்பிள்ளையையே தூக்குகிறோம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அதை அவள் நம்பியதுதான் தப்பு.

ஒத்திகையன்று அவளைப் பள்ளிக்கூட மாடியில் முதலுதவி மேஜைக்குப் போட்டார்கள். புருஷனைக் கொண்டுவரப்போகிறார்கள் என்று அவள் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைப் படுக்கவைத்துத் தூக்குகிற பலகை வந்தது. அதில் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, சாகப்போகிறவர் மாதிரி டெய்லர் படுத்திருந்தார். கூட்டம் கைதட்டியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்படியானால் தன் புருஷன் எங்கே? மேஜையை விட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள். எங்கே ஓடுகிறார் என்று அதிகாரி கேட்டதற்கு, அடுத்த நோயாளியைப் பார்க்க, அவ்வளவு அக்கறை என்று தலைவர் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் பின்னறைக் கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. கட்டிலோடு உள்ளே தள்ளி, சத்தம் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வியர்த்து நனைந்து கிடந்தார்.

"கைதட்டினாங்கல்ல, இங்கே வரைக்கும் கேட்டுச்சு. நான் நல்லபடியா போய்ச் சேர்ந்தேனா?" என்றார்.

அவள் அவருக்குச் சட்டை மாற்றினாள்.

முடிவு வந்தது. இந்தப் பகுதி எல்லா விதத்திலும் தயாராக இருக்கிறது, கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை, ஒன்றும் இல்லாத பக்கத்துப் பகுதிக்கு மானியம் போகட்டும் என்று அதிகாரி எழுதியிருந்தார். கூடவே ஒரு பாராட்டுப் பத்திரம். தலைவர் முகம் ஒரு நிமிஷம் தொங்கியது. பிறகு பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டுச் சங்கக் கூடத்தில் மாட்டினார். படகு போனால் என்ன, பேர் கிடைத்திருக்கிறதே என்றார். டெய்லர் மட்டும் நர்ஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்.

நர்ஸ் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் எரிந்து விழுந்தார். ஒத்திகை நடந்தது நடந்ததுதான், பட்டியல் நாளைக்கு மேலே போகிறது, ஒத்திகை பொய் என்று சங்கத் தலைவரே எழுதிக் கொடுத்தாலொழிய ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். ஆளுக்கு ஆள் வந்து புகார் சொன்னால் எதை நம்புவது என்றும் கேட்டார்.

"என்னை நம்ப வேணாம். வந்து ஒரு தடவை பாருங்க. நீங்க கிளம்பற வரைக்கும் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்."

உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் இருந்தாள், விளக்கு போட்டபோதும் இருந்தாள். கடைசியில், வீட்டுக்குப் போகிற வழிதானே, தொலைகிறது என்று அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருவே நர்ஸ் வீட்டு வாசலில் கூடிவிட்டது. தலைவரும் வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. டெய்லரைத் தூக்கிய ஆட்கள் அங்கேதான் நின்றார்கள். அவர்களில் ஒருவன் காய்ச்சல் என்று நழுவப் பார்த்தான்.

"அவன் போகட்டும். அந்த மூலைய நீ பிடி அண்ணே," என்றாள் நர்ஸ்.

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு வேறு வழி இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் கால் வைத்தார். மாப்பிள்ளையைப் பலகைக்கு மாற்றித் தூக்கினார்கள். அறையைத் தாண்டுவதற்குள் தலைவருக்கு மூச்சு வாங்கியது. நடையிலிருந்து வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் பலகை சுவரில் இடித்து நின்றது. டெய்லரைத் தூக்கிய ஒத்திகையன்று இந்த இடத்தில் பலகையை ஒருக்களித்துத் திருப்பினார்கள், டெய்லர் விளிம்பைக் கையால் பற்றிக்கொண்டார். இவரை ஒருக்களித்தால் முதுகு போய்விடும். முன்னாலும் போக முடியவில்லை, மூச்சு வாங்கிய தலைவரால் பின்னாலும் நகர முடியவில்லை. படுத்திருந்தவரின் முகத்துக்கு நேர் மேலே தலைவரின் முகம் தொங்கியது. வியர்வை சொட்டியது.

"மச்சான்," என்றார் படுத்திருந்தவர், கோபம் இல்லாமல். "தண்ணி வந்தா இங்கே நின்னுதான் நாம ரெண்டு பேரும் சாவோம்."

அதிகாரி வாசல் அகலத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்து, அன்றைக்கு இவரைத்தான் தூக்கினீர்களா என்று கேட்டார்.

தங்கை அண்ணனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. அது டெய்லர். எல்லாம் நான் பண்ணினது," என்றார் தலைவர்.

அதை எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி அங்கேயே தாளை நீட்டினார். தலைவரின் கைகள் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தன. இறக்கி வைக்கவும் இடமில்லை. நர்ஸ் குனிந்து அவர் கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து அந்த மூலையை வாங்கிக்கொண்டாள். அவர் நடைச் சுவரில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனித் தலைவர் பதவி அவருக்கு இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

போட்டுவிட்டு வந்து பலகைக்குக் கையை நீட்டினார்.

"குடும்மா, நான் பிடிச்சுக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை.

"வேணாம். நீ வழிய விட்டு நில்லு," என்றாள். புருஷனைத் தாங்கியபடி, மற்ற மூலைகளைப் பிடித்தவர்களோடு ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்து, பலகையை அறைக்குள் திருப்பிக் கொண்டுபோனாள்.