ஓரங்கட்டி

படாரென்று ஒரு சத்தம். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிக் காரைப் பார்த்தார்கள். ஒருவன் தீயணைப்பு உருளையைக் கையில் தூக்கியே விட்டான். எங்கே என்ன சத்தம் கேட்டாலும் அது தங்கள் காரிலிருந்துதான் வந்திருக்கும் என்பது அந்த அணிக்கு இரண்டு வருடப் பழக்கம்.

கார் சாதுவாக நின்றிருந்தது. புகை இல்லை, ஒழுகல் இல்லை. எதுவும் கழன்று விழவும் இல்லை.

மறுபடியும் படார். இந்த முறை தகரக் கூரை அதிர்ந்தது.

"அப்பாடா, இடி!" என்றார் மச்சான். "நம்ம வண்டி இல்ல."

முதலாளி நெஞ்சில் வைத்திருந்த கையை எடுத்தார்.

பஸ்களுக்குப் பாடி கட்டும் தொழிலில் அவர் நன்றாகத்தான் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். அவருக்குக் கார் பந்தயம் வந்தது. அதுவும் சில்லறைப் பந்தயம் இல்லை. உலகத்திலேயே வேகமான கார்கள் ஓடுகிற, கோடிக்கணக்கான பேர் டி.வி. முன்னால் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து பார்க்கிற பந்தயம். அதில் ஓடும் பெரிய அணிகளில் ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். கார் மேல் காற்று எப்படிப் படுகிறது என்று பார்ப்பதற்கே தனிக் கட்டடம் வைத்திருந்தார்கள். முதலாளியிடம் இருந்தது ஒரு பட்டறையும் மனைவியின் தம்பியும்.

அந்தத் தம்பிதான் மச்சான். தலைமை மெக்கானிக். கம்ப்யூட்டர் படித்த மகள் பாதையோரச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, எப்போது டயர் மாற்றுவது, எப்போது பெட்ரோலை மிச்சம் பிடிப்பது என்று கணக்குப் போடுவாள். காரை ஓட்டுவது மாப்பிள்ளை. ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வக்கில்லாமல் ஓட்டுநருக்குப் பெண்ணையே கொடுத்து மடக்கிப் போட்டுவிட்டார் என்று மற்ற ஷெட்களில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். முதலாளி அந்தப் பேச்சை மறுக்கவில்லை. மறுத்தால் அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியாத ஆள் என்று ஆகிவிடும்.

அணிக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார். அதை யாரும் சொல்வதில்லை. 'ஓரங்கட்டி' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். காரணம் இல்லாமல் இல்லை. முன்னணிக் கார்கள் ஒரு முழுச் சுற்று அதிகமாக ஓடி, மறுபடியும் இவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். உடனே பாதையோரத்தில் நீலக்கொடி ஆட்டுவார்கள். கொடியைப் பார்த்தால் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது சட்டம். கொடி ஆட்டுகிறவர்களுக்குத் தோள்பட்டை வலி வந்தால் அதற்கு இந்த அணிதான் பொறுப்பு. டி.வி.யில் இவர்கள் கார் தெரிவது இரண்டே சமயங்களில்: யாராவது தாண்டிப் போகும்போது, இல்லையென்றால் தீப்பிடிக்கும்போது.

"போன வருஷம் தீப்பிடிச்சப்போ எவ்வளவு நேரம் காட்டினான் பாத்தீங்களா அத்தான்?" என்பார் மச்சான். "ஜெயிச்சவனைக் கூட அவ்வளவு நேரம் காட்டல."

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வருடத்தின் கடைசிப் பந்தயம். முதல் பத்து இடங்களுக்குள் வருகிறவர்களுக்குத்தான் புள்ளி. இரண்டு வருடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காத அணிக்கு மூன்றாவது வருடம் இடம் கிடையாது என்பது பந்தயத்தை நடத்தும் சங்கத்தின் விதி. ஓரங்கட்டியிடம் இருந்த புள்ளி பூஜ்யம். இன்று பத்தாவதாக வந்தால் அணி இருக்கும். பதினொன்றாவதாக வந்தால் முதலாளி மறுபடியும் பஸ்ஸுக்கு ஜன்னல் வைக்கப் போகலாம்.

பக்கத்து ஷெட் மேனேஜர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி மெல்ல உள்ளே நுழைந்தார். அவருடைய அணியும் சின்ன அணிதான். ஆனால் போன வருடமே இரண்டு புள்ளி எடுத்துவிட்டதால் பெரிய மனிதர் ஆகிவிட்டார்.

"வாங்க, வாங்க," என்றார் முதலாளி.

"சும்மாதான் வந்தேன். மனசு கேக்கல." கண்கள் ஷெட்டைச் சுற்றி வந்தன. ஜாக்கியைப் பார்த்தன, பிடிக்கவில்லை. டயர் சூடாக்கும் உறையைப் பார்த்தன, அதுவும் பிடிக்கவில்லை. மூலையில் இருந்த காபி மிஷினில் போய் நின்றன. "நாளைக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டுவீங்க இல்ல? அந்தக் காபி மிஷினை மட்டும் எனக்குன்னு சொல்லி வைங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. மச்சான் முந்திக்கொண்டார். "நல்ல கண்ணு சார் உங்களுக்கு. இந்த ஷெட்டுல ரிப்பேர் ஆகாம ஓடறது அது ஒண்ணுதான்."

பந்தயம் மழையோடு தொடங்கியது.

பாதையோரச் சுவர் அருகே மூன்று ஸ்டூல். நடுவில் முதலாளி, ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மச்சான். ஓட்டுநரோடு பேசும் ரேடியோ பொத்தான் முதலாளி கையில். முதலில் அது மகளிடம்தான் இருந்தது. இவர்கள் ஓடிய முதல் பந்தயத்தில், டயர் மாற்ற உள்ளே வரச் சொன்னாள். இன்னும் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்றார் மாப்பிள்ளை. "நான் சொல்றது எதுதான் உங்க காதுல விழுந்திருக்கு? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை நாளா கத்தறேன்!" என்று ஆரம்பித்துவிட்டாள். ரேடியோப் பேச்சை டி.வி.க்காரர்கள் ஒலிபரப்புவார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. அன்றைக்கு யார் ஜெயித்தது என்று இப்போது கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. துண்டை யாரும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ரேடியோ முதலாளி வசம். அதில் வேறொரு சிக்கல். மாப்பிள்ளையை எப்படி அதட்டுவது? மற்ற அணிகளில் "உள்ளே வா!", "வேகம்!", "விடாதே!" என்று உறுமினார்கள். இவரோ, "மாப்பிள்ளை, சிரமம் இல்லேன்னா அடுத்த சுத்துல கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போறீங்களா?" என்பார். "சரிங்க மாமா" என்று பதில் வரும். இந்த உபசாரம் முடிவதற்குள் எதிரணிக்காரன் டயரை மாற்றிக்கொண்டு போயிருப்பான். இரண்டு வருடத்தில் முதலாளி தடுமாறாமல், தயங்காமல் சொல்லப் பழகியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "மாப்பிள்ளை, பின்னாடி வண்டி வருது, வழி விட்டிருங்க."

மழை வலுத்தது. முதல் வளைவிலேயே நாலு கார்கள் ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கின. அந்தக் கலவரத்தில் ஓரங்கட்டி மாட்டவில்லை. மாட்டுவதற்கு அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு சிவப்புக் கார் சுவரில் உரசியது. ஒன்றில் மின்சாரம் போயிற்று. ஜெயிக்கும் என்று எல்லாரும் சொன்ன கார் சுழன்று புல்லில் நின்றது.

மாப்பிள்ளை தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கார் இருந்த லட்சணத்தில் அவசரப்படவும் முடியாது.

"அப்பா," என்றாள் மகள். குரல் என்னவோபோல் இருந்தது. "பத்து."

"என்ன பத்து?"

"பத்தாவது இடம். நாம."

மச்சான் எட்டித் திரையைப் பார்த்தார். விரலால் தட்டியும் பார்த்தார். "ஸ்க்ரீனுக்குள்ள தண்ணி போயிருச்சா?"

யாரும் கத்தவில்லை. கத்தினால் கலைந்துவிடுமோ என்ற பயம். முதலாளி மூச்சைக்கூட அளந்து விட்டார். இன்னும் ஆறு சுற்று.

பின்னால் முதலிடத்துக்கார வெள்ளைக் கார் வந்தது. நீலக்கொடி. "மாப்பிள்ளை, பின்னாடி வண்டி வருது, வழி விட்டிருங்க." மாப்பிள்ளை ஒதுங்கினார். ஒரு சுற்று முன்னால் இருக்கிறவன் தாண்டிப் போனால் இடம் போகாது. சரிதான். அடுத்து இரண்டாம் இடத்துக்காரன். "மாப்பிள்ளை, பின்னாடி வண்டி வருது, வழி விட்டிருங்க." அவனும் போனான்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நீர்ப்படலத்துக்குள் மறுபடியும் ஒரு வண்டியின் நிழல், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு. கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது. வாயும் தானாகத் திறந்தது.

"மாப்பிள்ளை, பின்னாடி வண்டி வருது, வழி விட்டிருங்க."

மாப்பிள்ளை ஒதுங்கினார். ஒரு மஞ்சள் கார் சர்ரென்று தாண்டிப் போனது.

"அப்பா!" மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். "அது பக்கத்து ஷெட் வண்டிப்பா! பதினொண்ணாவதா வந்துட்டிருந்தான்! கொடியே ஆட்டலையே, எதுக்கு வழி விடச் சொன்னீங்க?"

முதலாளி பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். இரண்டு வருடம் உழைத்து, பட்டறையை அடகு வைத்து, கையில் வந்து உட்கார்ந்த ஒரே ஒரு புள்ளியை, வாங்க என்று கூப்பிட்டுத் தட்டில் வைத்து நீட்டிவிட்டார். அதுவும் காபி மிஷின் கேட்டவனுக்கு. சூழ்ச்சி இல்லை, விபத்து இல்லை, இன்ஜின் கோளாறு இல்லை. வெறும் வாய்ப் பழக்கம்.

"போச்சு," என்றார். "என் வாயாலயே போச்சு."

"மிஷினையும் நீங்களே கொண்டு போய்க் குடுத்திருங்க அத்தான்," என்றார் மச்சான். ஆனால் அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

மகள் அப்பாவின் தலையிலிருந்து ஹெட்செட்டை உருவித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். உலகம் கேட்டால் கேட்கட்டும்.

"ஏங்க, நான்தான்."

"சொல்லும்மா."

"துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னா காதுல விழாது. எங்கப்பா சொன்னா மட்டும் உடனே ஓரம் கட்டிருவீங்களா? அந்த மஞ்சக் கார்தான் நம்ம புள்ளி. போய் வாங்கிட்டு வாங்க."

"தாண்டச் சொல்றியா? நானா?"

கேள்வி நியாயமானதுதான். இரண்டு வருடத்தில் ஓடுகிற காரை அவர் தாண்டியதே இல்லை. நின்றுபோன கார்களைத்தான் தாண்டியிருக்கிறார்.

"நீங்கதான். வேற யாரு இருக்கா வண்டிக்குள்ள?"

"நடுப் பாதையில முடியாதும்மா. மூணு நாளா எல்லாரும் ஓடி டயர் ரப்பர் படிஞ்சிருக்கு. தண்ணி பட்டு எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது. எல்லாரும் அதுல பயந்து பயந்துதான் போறாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஓரமாப் போறேன்."

"எந்த ஓரம்?"

"நம்ம ஓரம்தான். ரெண்டு வருஷமா குடித்தனமே அங்கதானே."

மழையில் ஓரம் சொரசொரப்பாக இருக்கும், பிடி கொடுக்கும் என்பது எந்த ஓட்டுநருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எந்த வளைவில் எவ்வளவு தூரம் ஒதுங்கினால் புல்லில் போய் விழாமல் திரும்பி வரலாம் என்பது சும்மா தெரிந்துவிடாது. அதற்கு ஒவ்வொரு வளைவிலும் பெரிய மனிதர்களுக்கு ஒதுங்கி வழி விட்டுப் பழகியிருக்க வேண்டும். அந்தப் படிப்பை அவரைப்போல யாரும் படித்ததில்லை.

மூன்று சுற்று துரத்தினார். கடைசிச் சுற்றில், நீண்ட வளைவின் வெளிப்பக்கம், வெள்ளைக்கோட்டை ஒட்டி, ஒரு சக்கரம் புல்லை நக்குகிற அளவுக்கு ஒதுங்கினார். மஞ்சள் கார் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். ஓரங்கட்டி ஓரம் கட்டுகிறது, அது வழக்கம்தானே என்று நினைத்திருக்க வேண்டும். குறுக்கே வந்து வழியை அடைக்கவே இல்லை. வளைவின் முடிவில் அவர் வண்டி நடுப் பாதையில் வழுக்கிக்கொண்டிருக்க, ஓரத்திலிருந்து ஒரு மூக்கு முன்னால் நீண்டது. அப்புறம் முழு வண்டியும்.

பத்து.

மச்சான் முதலாளியைத் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் உடனே இறக்கியும் விட்டார். மகள் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். டி.வி.க்காரர்கள் முதல் முறையாக, தீப்பிடிக்காத ஓரங்கட்டியைத் தனியாகக் காட்டினார்கள். அணியின் பெயரைத் திரையில் தப்பாகப் போட்டார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்த காரை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது பக்கத்து ஷெட் மேனேஜர் வந்து கை கொடுத்தார். கண் மட்டும் காபி மிஷின் பக்கம்தான் போயிற்று.

"காபி வேணும்னா எப்ப வேணா வந்து குடிங்க," என்றார் முதலாளி. "மிஷின் அடுத்த வருஷமும் இங்கதான் இருக்கும்."

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். மகள் துண்டை நீட்டினாள். தலையைத் துவட்டியவர், அதைக் கார் மேல் போடப் போனார். அவள் பார்த்த பார்வையில் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

முதலாளி கிட்டே போனார். இரண்டு வருடமாக ரேடியோவில் பேசியதை முகத்துக்கு நேரே பேச வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை, தப்பு என் மேலதான். பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். அந்த மழையில, பின்னாடி வர்றது யாருன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம்."

மாப்பிள்ளை துண்டின் நுனியைத் திருகினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மஞ்சக் கலரு நல்லாவே தெரிஞ்சுது மாமா. ஆனா சொன்னது நீங்களாச்சே, எப்படி முடியாதுன்னு சொல்றது?"