முத்தம்மாளின் இருபத்துநான்கு வயது முகம்

இனி வருவதில் ஓர் எழுத்து பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். கற்பூரம் அடித்தே சொல்லலாம், அத்தனையும் சத்தியம்.

திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு வாஷர் கம்பெனி. வாசலில், வருகைப் பதிவுக்காகக் கையகல டேப்லெட் ஒன்றை மாட்டியிருந்தார்கள். முகத்தைக் காட்டினால் பேரைச் சொல்லும். கடையில் இருந்ததிலேயே மலிவு மாடல். மாட்டிய அன்று, உற்பத்தி நிற்கக்கூடாதென்று சூப்பர்வைசர் வெங்கட் ஆட்களைக் கூப்பிடவில்லை. அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக அதற்குக் காட்டினான். முத்தம்மாளின் அட்டையில் இருந்தது வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம். வயது இருபத்துநான்கு, பூரி போல உப்பிய கன்னம்.

அப்டேட் வந்துகொண்டிருந்தவரை அந்தக் கருவி கணக்காக அவளுக்கு வயதைக் கூட்டிக்கொண்டது. அப்டேட் நின்றதும் பழைய படத்துக்கே திரும்பிவிட்டது. நாற்பத்தைந்து வயது முத்தம்மாளைப் பார்த்து “அந்நியர்” என்றது. மூன்று நாள் அந்நியராக இருந்தால் பேர் நீக்கம். அது கம்பெனிச் சட்டம்.

“நைனா, இருவத்தோரு வருசமா பாத்துகினு கீறே. நான்தான்னு நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா செல்லாதுக்கா. எனக்கு உன்னத் தெரியும். மெஷினுக்குத் தெரியலியே.”

இரண்டாம் நாள் முகத்தில் பவுடர் அப்பி, சவுரி வைத்து, இரண்டு கன்னத்திலும் பன் அடக்கிக்கொண்டு வந்து நின்றாள். டேப்லெட் கொஞ்சம் யோசித்தது. “அந்நியர்கள்” என்றது.

அவள் அழுத அழுகையில் வெங்கட் டேப்லெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். லாவண்யா என்று ஒரு பெண் பேசினாள்.

“அந்த மாடலுக்கு இனி அப்டேட் வராது சார்.”

“ஏம்மா, இன்னும் கடையில வித்துகினுதானே கீறீங்க?”

“அதனாலதான் சார். அப்டேட் இல்லாமலே விக்குது, அதுக்குப் போய் எதுக்கு ரெண்டு இன்ஜினீயரை உக்கார வைக்கணும்? பெரிய மாடல் வாங்கறவங்க கத்துவாங்க. சின்னது வாங்கறவங்க பொறுத்துக்குவாங்க.”

“அப்ப இந்தம்மாவ இன்னா பண்றது?”

“ஆளை மாத்திப் பாருங்க சார்.”

மூன்றாம் நாள் முத்தம்மாள் தன் மகள் யுவராணியைக் காலேஜுக்கு அனுப்பவில்லை. வயது இருபது, அம்மாவை உரித்து வைத்த முகம். வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“வருக, முத்தம்மாள்” என்றது டேப்லெட், முதல் தடவையிலேயே.

“எனக்குப் பரீட்சை கீது அண்ணாத்தே” என்றாள் யுவராணி.

“பரீட்சை யுவராணிக்கு. நீ முத்தம்மா. போய் மெஷின்ல ஒக்காரு” என்றான் வெங்கட்.

இப்போது முத்தம்மாள் தினமும் மத்தியானம் மகளுக்குச் சோறு எடுத்து வந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். அந்நியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. யுவராணிக்கு வெங்கட் போட்டிருக்கும் நிபந்தனை இதுதான்: “ஒடம்பு ஏறக்கூடாது, எளைக்கக்கூடாது, ஊட்டுல கண்ணாலப் பேச்சு எடுக்கக்கூடாது. மூஞ்சி மாறுச்சின்னா ரெண்டு பேருக்கும் வேலை கெடையாது.” போன மாதம் கம்பெனி அதே மாடலில் இன்னும் ஆறு வாங்கிப் போட்டது.

அந்த மாடலில் முதலிலிருந்தே கேமரா கிடையாது.